தண்ணீரில் போட்ட கண்ணாடித் தாள்

பூங்கொத்தைச் சுற்றி வருமே, அந்தக் கண்ணாடித் தாளைத் தறியில் நெய்யச் சொல்கிறார்கள் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"கண்ணாடி பேப்பரா? அத நெஞ்சி என்னா பண்ணுவாங்க? கட்டிக்கினு பீச்சுல நடப்பாங்களா?"

அவர் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர். நாள் முழுக்கச் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கி, அவர்கள் அடிக்கிற கூத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து, எதைச் சொன்னாலும் கேலி செய்கிற பழக்கம் வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு எனக்கே அது கேலியாகத்தான் பட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்துவிட்டு நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் வேலை பார்ப்பது கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில். கீழே வீட்டின் சொந்தக்காரர் குடியிருக்கிறார், மேலே எங்கள் மூன்று தறிகள். நாங்கள் சேலையும் நெய்வதில்லை, வேட்டியும் நெய்வதில்லை. வாழைநார், கோரை, வெட்டிவேர், ஒரு முறை செம்புக் கம்பி என்று யாரும் நெய்ய நினைக்காததையெல்லாம் நெய்து, ஓட்டல்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் திரைகளாகச் செய்து அனுப்புகிறோம். செம்புக் கம்பி நெய்த மாதம் என் விரல்கள் இருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, மீன் விற்கிறவள் என்னிடம் "மீனு ஆயப் போறியாக்கா நீயும்?" என்று கேட்டாள். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதை யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் கூலியில் ஏய்த்துவிடுவார்கள்.

இந்தத் திரைகளை வரைந்து கொடுப்பவர் மதாம். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரித் தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடம் இங்கே, துணி வடிவமைப்புப் படிப்பு பிரான்சில், அரை ஆயுள் வேலையும் அங்கே. அறுபதைத் தாண்டியபின் திரும்பி வந்து இந்தப் பட்டறையைத் தொடங்கினார். பேச்சு அச்சு அசல் நம் ஊர்ப் பேச்சுதான், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். அதனால் எங்கள் சண்டைகளில் பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

மதாமின் வலது கை இரண்டு வருடங்களாக நடுங்கியது. முதலில் அது காபிக் கோப்பையில் தெரிந்தது, பிறகு பென்சிலில். அதன் பிறகு அவர் இரண்டு பக்கமும் பை வைத்த தொளதொளச் சட்டைகளாகவே தைத்துப் போட ஆரம்பித்தார். வெளியாட்கள் யாராவது படியேறி வந்தால் வலது கை சட்டைப் பைக்குள் போய்விடும். யாரைப் பார்த்தாலும் கை குலுக்குகிற பிரெஞ்சுப் பழக்கம் உள்ளவர், கை கொடுப்பதையே நிறுத்திவிட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு ஓட்டல்காரர் என்னிடமே வந்து, "பாக்கெட்ல கைய வுட்டுக்கினே பேசுறாங்களே, என்னா திமிரு பாத்தியா?" என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

எங்கள் முன்னால் மட்டும் அவர் கையை மறைத்ததில்லை. நடுங்கும் விரலாலேயே தறியைக் காட்டி, இங்கே தளர்வு, அங்கே இறுக்கம் என்று திட்டுவார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

சித்திரை மாதம் ஒரு காலையில் அவர் பழுப்புத் தாளில் சுற்றிய நீள உருளை ஒன்றைக் கொண்டுவந்து என் தறிமேல் வைத்தார். பிரித்தால் கண்ணாடித் தாள். நிறமே இல்லை. நாற்பது வருடங்களுக்கு முன்னால், படிக்கிற காலத்தில் வாங்கியதாம். வீடு மாறியபோதெல்லாம், கடல் தாண்டியபோதும் கூடவே வந்திருக்கிறது.

"இதான் நெசமான செலோபேன். இப்ப கடையில குடுக்கறதெல்லாம் பிளாஸ்டிக். இந்த மாதிரி மேல எந்தப் பூச்சும் இல்லாதது ஒரு வருஷமா தேடுறேன், எங்கயும் கெடைக்கல."

அவர் சொன்ன கதை இது. அந்தத் தாள் புதிதாக வந்த காலத்தில் ஐரோப்பாவில் அதைப் பார்த்து மயங்காதவர்கள் இல்லையாம். தொப்பி பின்னினார்கள், மேடை உடுப்பில் சேர்த்தார்கள், சுவரில் மாட்டும் ஓவியங்களிலும் அதை வெட்டி ஒட்டினார்கள். நெசவுக்காரப் பெண் ஒருத்தி ஒரு மண்டபத்தின் சுவருக்கே துணி நெய்தாளாம். முன்பக்கம் செலோபேன் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், பின்பக்கம் மெத்தென்ற நூல் சத்தத்தை விழுங்கும். அதைக் கேள்விப்பட்டுத்தான் மதாமும் தன் படிப்பின் கடைசி வருடத்தில் செலோபேன் துணி ஒன்றை நெய்யப் பார்த்தார். அது வரவில்லை. கீறியது, விரைத்தது, ஓட்டை ஓட்டையாக நின்றது. வாத்தியார் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது பார்சல் கட்டுகிற சாமான், துணி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு மதாம் வரைந்ததெல்லாம் கம்பெனிகளின் பேரில் போயிற்று, இப்போது ஓட்டல்களின் பேரில் போகிறது.

கடலோரத்து ஒயிட் டவுனில் ஒரு பழைய வீட்டைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். ஆடி மாதம் அங்கே ஓர் அறையை அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"எம் பேருல ஒரே ஒரு துணி வேணும். ஒன்னே ஒன்னு. தாளும் இவ்ளோதான் இருக்கு. எங் கை இனிமே நெய்யாது. ஒங் கை நெய்யும், இல்ல?"

நான் முகத்தைச் சுளித்தேன். வெட்டிவேர் என்றால் வாசனை இருக்கிறது, வாழைநார் என்றால் உழைக்கும். இது பிறந்தநாள் முடிந்தால் குப்பைக்குப் போகிற பொருள். என் முகத்தைப் படித்த மதாம் தீப்பெட்டி கொண்டுவரச் சொன்னார். மேசைமேல் யாரோ கொடுத்த பூங்கொத்து இருந்தது. அதன் உறையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொளுத்தச் சொன்னார். அது சுருண்டு, உருகி, நாற்றமடித்து, கறுப்பு உருண்டையாக நின்றது. பிறகு அந்த உருளையிலிருந்து ஒரு துண்டு. அது காகிதம் போல அமைதியாக எரிந்து சாம்பலானது. முகர்ந்து பார்த்தேன். துணி எரிந்த வாசனை.

"இது மரம்," என்றார் மதாம். "மரத்த கூழாக்கி, கரைச்சி, தாளா இழுத்தது. பஞ்சு எதால ஆனதோ அதாலதான் இதுவும் ஆனது. பஞ்சுக்குச் சொந்தம்."

நான் இன்னொரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அதன் வழியாக என் கைரேகை அத்தனையும் தெரிந்தது. இது மரமா? என் அப்பா மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காதிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தப் பஞ்சும் இந்தக் கண்ணாடியும் ஒரே வம்சம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஏற்றுக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை, கண்ணெதிரே எரிந்ததே! அன்று வண்டியில் வீட்டுக்குப் போகும்போது, வழியில் கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

இரும்பு அளவுகோலை வைத்து, பிளேடால், கால் அங்குல அகலத்தில் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டினேன். பதினொரு நாள் ஆயிற்று. அது கையில் ஒட்டும், சேலையில் ஒட்டும், மூச்சு விட்டால் பறக்கும். நீளவாட்டுப் பாவுக்கு மெல்லிய கறுப்புப் பருத்தி நூல் ஏற்றினோம். கீற்றை நீளக் குச்சியில் சுற்றிக் குறுக்கே ஊடையாகப் போட்டு அடித்தேன். அடித்த மாத்திரத்தில் ஓரத்தில் கீறல் விட்டது. மெதுவாக அடித்தால் கீற்று விரைத்துக்கொண்டு நிற்கும், இடைவெளியில் விரலே போகும். மூன்று நாள் போராடி நான்கு விரற்கடை நெய்தேன். வாயில் வைக்க விளங்காத சமையல் என்பார்களே, அப்படி இருந்தது.

மதாம் வந்து பார்த்தார். திட்டவில்லை. பிரெஞ்சும் பேசவில்லை. "அன்னிக்கும் இதே மாதிரிதான் இருந்தது," என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது அவருடைய வலது கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. என் எதிரில் அவர் கையை மறைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர் கையைக் காட்டுவதற்காகச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. போனால் திரும்ப ஐந்து நாள் ஆகும். "வந்து யோசிப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்க எனக்குப் பொறுமை ஏது? அன்று சாயங்காலம் பட்டறையைப் பூட்டுவதற்கு முன்னால் தறியின் எதிரில் நின்று அந்த நான்கு விரற்கடைத் துணியை முறைத்துக்கொண்டிருந்தேன். கோரையை நாங்கள் ஊற வைக்காமல் நெய்வதில்லை. வாழைநாரும் அப்படித்தான். பருத்தி ஊடையைக்கூட நனைத்து ஓட்டினால்தான் அடி நெருக்கமாக விழும். இந்த ஊர்ப்பக்கத்தில் தறியில் உட்கார்ந்த எவருக்கும் அது கை தானாகச் செய்கிற வேலை. மதாமே சொல்லிவிட்டார், இது பஞ்சுக்குச் சொந்தம் என்று. அப்புறம் என்ன? பெரிய தொட்டியில் தண்ணீர் பிடித்து, கீற்றுக் கட்டுகளைப் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு கட்டை மட்டும் போட்டுப் பார்த்திருக்கலாம். பாதியையாவது வெளியே வைத்திருக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், இருந்த அத்தனையையும் போட்டேன். சட்டைப் பைக்குள் போன அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது.

காலையில் சாக்கை எடுத்தேன். தொட்டியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கையை விட்டேன். விரலுக்கிடையில் வழவழவென்று என்னவோ நழுவியது. எல்லாம் அங்கேதான் இருந்தன, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. தண்ணீரோடு தண்ணீராக நின்றன. கையைத் தூக்கினால் ஊறிய சேமியா போலக் கொத்தாகத் தொங்கின. ஒரு கணம் பயம்கூட வரவில்லை, அப்படி ஓர் ஆச்சரியம். பதினொரு நாள் என் காது கிழியச் சலசலத்த பொருள், இப்போது சத்தமும் இல்லை, உருவமும் இல்லை.

பயம் அதற்கப்புறம் வந்தது. பத்துக் கீற்றை எடுத்துக்கொண்டு போய் மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். வைகாசி பிறந்திருந்தது, மேற்கே நிலத்திலிருந்து வரும் மேல்காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டன. காய்ந்தவை முறுக்கிச் சுருண்டு கொடியில் டக்டக்கென்று அடித்துக்கொண்டன. ஒன்றைத் தொட்டேன். அப்பளம் போல ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. பத்தும் ஒடிந்தன.

மாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடம் ஒருத்தர் கடல் தாண்டிக் காப்பாற்றிக் கொண்டுவந்ததை நான் ஒரே சாயங்காலத்தில் கெடுத்தேன். அவர் பேரில் வர இருந்த ஒரே துணி. மழைத்தண்ணீர் ஒழுகிவிட்டது என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வைகாசியில் ஏது மழை? வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"தண்ணில போட்டா ஊறாம என்னா பண்ணும்?" என்று ஆரம்பித்தவர், நான் அழுகிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். பின்னால் படகு எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தத் தண்ணிய கொட்டிட்டியா?" என்றார்.

"இல்ல."

"கொட்டாத. நேத்து ஒடியல, இன்னிக்கு ஒடியுதுன்னா அதுல இருந்து என்னமோ போயிருக்கு. போனது எங்க போவும்? அந்தத் தண்ணிலதான இருக்கும்?"

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். அதை அவரிடம் இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கீழே வந்து தொட்டியின் முன் குந்தினேன். தண்ணீரை விரலால் தேய்த்துப் பார்த்தேன். லேசாக வழுக்கியது. பிசுக்கு மாதிரியும் இருந்தது. சாக்குத் தண்ணீர் என்பதைக்கூட யோசிக்காமல் நுனிவிரலை நாக்கில் வைத்தேன். இனித்தது. மிகக் கொஞ்சம், ஆனால் இனித்தது. அந்த இனிப்பு எனக்குத் தெரிந்த இனிப்பு. சின்ன வயதில் மார்கழிப் பனியில் உதடு வெடித்தால் அம்மா கிளிசரின் தடவிவிடுவாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் நக்கிவிடுவேன். மறுபடி தடவுவாள், கூடவே முதுகில் ஒன்று வைப்பாள். இந்தத் தாளுக்கும் யாரோ கிளிசரின் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்! வெடித்துவிடக் கூடாது என்று, உதட்டுக்குப் போடுவது போல!

உழவர்கரையில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்கு வண்டியை விரட்டினேன். இருக்கிற கிளிசரின் பாட்டில் அத்தனையும் கேட்டேன்.

"ஒதட்டுக்காக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா. ரொம்பப் பெரிய ஒதடு."

ஒரு குவளைத் தண்ணீரில் கிளிசரின் கலந்து ஒற்றைக் கீற்றைப் போட்டு, எடுத்து, காய வைத்தேன். சுருண்டது, ஆனால் ஒடியவில்லை. இந்த முறை புத்தி வந்து, ஐந்து கீற்றில் ஐந்து அளவு கலந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்றினேன். பிறகு ஈரக் கீற்று ஒன்றை எடுத்து, இரண்டு விரலுக்கிடையில் வழித்து, தறியில் போட்டேன்.

சத்தமே வரவில்லை. கீற்று கறுப்பு நூலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அடித்தேன், கீறவில்லை. இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தேன். முந்தைய கீற்றோடு நெருங்கி ஒட்டிக்கொண்டது. ஒரு சாண் நெய்யும்வரை நான் எழுந்திருக்கவில்லை. நெய்தது ஈரமாக, மங்கலாக, தறியில் தொய்ந்து கிடந்தது. பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. சாப்பிட்டு வரலாம் என்று எழுந்தேன்.

தூக்குச் சட்டியைத் திறந்தபோது தறிப்பக்கமிருந்து டிக் என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். இன்னொரு டிக். அப்புறம் படபடவென்று, நெல் பொரிவது போல, ஆனால் மிக மெல்லியதாக. போய்ப் பார்த்தேன். துணி காய்ந்துகொண்டிருந்தது. காயக் காயக் கீற்றுகள் சுருங்கின. அந்த இழுப்பில் துணி முழுவதும் நுணுக்கமான அலைகள் எழுந்தன. ஒவ்வோர் அலையிலும் ஜன்னல் வெளிச்சம் ஏறி நின்றது. கறுப்பு நூல்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. எதிர்வீட்டு மஞ்சள் சுவர் துணிக்குள் வந்துவிட்டது. தெருவில் ஒரு பச்சை வேன் போனது, அதன் பச்சையும் துணிக்குள் ஒரு முறை ஓடி மறைந்தது. நான் இருபத்தைந்து வருடங்களாக நெய்கிறேன். துணியில் நிறம் ஏற்றியிருக்கிறேன், பூ ஏற்றியிருக்கிறேன். வெளிச்சத்தையே ஊடையாக ஓட்டியதில்லை. கும்பிட வேண்டும் போல இருந்தது. அறையில் யாருமில்லை, கும்பிட்டேன்.

அது காய்ந்தபின் அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பகல் இரண்டு மணிக்கு மேல்காற்று அடங்கிக் கடல்காற்று திரும்பும். படகுக்காரன் பெண்டாட்டிக்கு அது கடிகாரம் இல்லாமல் தெரியும். அந்தக் காற்று ஜன்னலில் ஏறியதும் துணி மெல்லத் தளர்ந்து தொய்ந்தது. மறுநாள் காலை மேல்காற்றில் மறுபடி டிக் டிக்கென்று இறுகியது. சாக்கட்டியால் தறிக்கட்டையில் கோடு போட்டு வைத்தேன். இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் நடுவில் இரண்டு விரற்கடை. காற்றில் இருக்கிற ஈரத்தை அது குடிக்கிறது, விடுகிறது. உயிர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை.

மதாம் திரும்பி வந்த அன்று நான் அவரை மாடிப்படியிலேயே மடக்கினேன். முகம் வாடியிருந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நடுக்கம் முழுக்க நிற்காது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். நான் அதற்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மனசில் இருந்ததைக் கொட்டாமல் முடியவில்லை.

"மதாம், நீங்க ஊருக்குப் போன அன்னிக்கே எல்லாத்தையும் தண்ணில ஊறப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒன்னுகூட மிச்சம் வைக்கல. பஞ்சுக்குச் சொந்தம்னு நீங்கதான சொன்னீங்க?"

தப்பு செய்தவளுக்கு அந்தக் கடைசிக் கேள்வி தேவைதானா? வாய் சும்மா இருந்தால்தானே. மதாம் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு என்னைத் தாண்டி மேலே போனார். நான் பின்னாலேயே போனேன்.

அதற்குள் நான்கு அடி நெய்திருந்தேன். காலை பதினொரு மணி, மேல்காற்று நேரம். துணி இறுகி, அறை முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. மதாம் அதன் முன் நின்றார். அப்புறம், பட்டறைத் தரையில் ஒருநாளும் உட்காராதவர், தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது வருஷம்," என்றார். "நான் கேட்ட ஒருத்தர்கூட, இத தண்ணில போடுன்னு சொல்லல."

"சொல்ல மாட்டாங்க. கோரை நெஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் தாங்கவில்லை. கிளிசரின் கதையை நான் சொன்னபோது தொட்டியில் விரலை விட்டு அவரும் நக்கிப் பார்த்தார்.

மீதி ஐந்து அடியை ஆனியில் முடித்தேன். கீழே ஒரு முழம் நெய்யாமல் கீற்றுகளைக் குஞ்சம் போலத் தொங்க விட வேண்டும் என்றார் மதாம். ஊடைக் கீற்றைக் கீழே எப்படித் தொங்க விடுவது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் கீற்றுகளை மேலும் மெல்லிசாகக் கிழித்து, ஒவ்வொன்றாக நானே முடிந்துவிட்டேன்.

ஆடியில் அந்தப் பழைய வீட்டில் துணியை மாட்டினோம். உத்தரத்திலிருந்து தொங்கியது, குஞ்சம் சரியாகத் தரையைத் தொட்டது. பக்கத்தில் ஒட்டிய அட்டையில் இரண்டு பேர்கள் இருந்தன. இரண்டாவது என் பேர். அதைப் பற்றி நாங்கள் போட்ட சண்டை தனி, இங்கே வேண்டாம்.

திறப்பு நாளில் சாயங்காலம் நல்ல கூட்டம். வெள்ளைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மதாமின் பள்ளிக்கூடத் தோழிகள், துவைத்துத் தேய்த்த சட்டையில் என் வீட்டுக்காரர். மதாம் அறை மூலையில் நின்றார், வலது கை சட்டைப் பைக்குள். வந்தவர்கள் கை நீட்டினார்கள். அவர் தலையை ஆட்டினார். நீட்டிய கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அவர் பேரில் வந்த ஒரே துணியின் முன்னால்கூட அவர் அப்படித்தான் நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை.

அப்போதுதான் கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "மதாம், துணி மேல ஏறுது!" ஏசி போட்டிருந்தார்கள். உலர்ந்த காற்றில் துணி டிக்டிக்கென்று சுருங்கி, குஞ்சம் தரையை விட்டு மூன்று விரற்கடை மேலே எழும்பியிருந்தது. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தது. கெட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான் போய் ஏசியை அணைத்து, கடல் பக்கத்து ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டேன்.

கடல்காற்று உள்ளே வந்தது. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணி மெல்லத் தளர்ந்து இறங்கியது. குஞ்சம் மறுபடி தரையைத் தொட்டபோது யாரோ மூச்சு விட்டது கேட்டது. ஒரு கல்லூரிப் பெண் மதாமிடம் கேட்டாள், "உள்ள மோட்டார் வச்சிருக்கீங்களா மேடம்?"

"மோட்டாரா?" என்றார் மதாம். அந்தக் கேள்வியில் அவர் தன்னையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நேராகத் துணியின் அருகே போய்க் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்து, குஞ்சத்துக்குக் கிட்டே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். தொடவில்லை. உள்ளங்கையில் இருக்கிற ஈரமும் சூடும் அந்த மெல்லிய கீற்றுகளுக்குப் போதும். அவை ஒவ்வொன்றாக வளைந்தன, சுருண்டன, நடுங்கின.

"காத்துல இருக்கற ஈரம். ஒங் கையில இருக்கற ஈரம். அவ்ளோதான்," என்றார்.

எல்லோரும் நெருங்கி வந்து பார்த்தார்கள். கை நடுங்கியது. கீற்றுகளும் நடுங்கின. எதனால் எது நடுங்குகிறது என்று அங்கே யாராலும் சொல்லியிருக்க முடியாது. "அய்யோ, எவ்ளோ அழகு," என்றாள் அந்தப் பெண். அவள் எதைச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மதாம் நிமிர்ந்தார். கை வெளியில் இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் கொக்கியை மாட்டுகிறவள் போலத் திரும்பிக்கொண்டேன்.

அன்று வாசலில் நின்று விடைகொடுத்தபோது, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் வலது கையைத்தான் கொடுத்தார்.